கண்ணியமான தாள்

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். உன் அத்தான் நலம். அவருடைய ரத்த அழுத்தம் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீ, உன் மனைவி, குட்டிப் பெண் எல்லோரும் சௌக்கியம்தானே?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போன் செய்தால் "அக்கா, வண்டியில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். ஆறு மாதமாக வண்டியிலேயே இருக்கிறாய். இவ்வளவு நேரம் ஓட்டியிருந்தால் என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கலாம். அது போகட்டும். எனக்கு வேண்டிய பதில் காகிதத்தில் வேண்டும். எங்கள் பதிவு அலுவலகத்தில் வாயால் சொன்னது எதுவும் செல்லாது.

சேதி இதுதான். ஐம்பத்தைந்து வயதில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அச்சு அறைப் பொறுப்பாளர்! கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அறை என்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நிமிர்ந்து பழக்கமில்லாத ஆளாகப் பார்த்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் போலிருக்கிறது. பொறுப்பு என்பது ஒரு லேசர் பிரிண்டர். ஊரில் யார் பிறந்தாலும், இறந்தாலும், மாலை மாற்றிக்கொண்டாலும் அதற்கான சான்றிதழ் இதன் வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

புதிதாக ஒரு மேலாளர் வந்திருக்கிறார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் கண்ணியம். மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை அந்தச் சொல் வந்துவிடும். இதுவரை சாதாரண வெள்ளைத் தாளில்தான் சான்றிதழ் அடித்தோம். அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "என்னம்மா இது, ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருக்கு? சான்றிதழ்னா ஒரு கண்ணியம் வேணும். கையில வாங்கினா கனக்கணும். பளபளன்னு இருக்கணும்" என்றார். தலைமை அலுவலகத்திடம் சொல்லி, சோதனைக்காகப் பத்துப் பெட்டி தாள் வரவழைத்துவிட்டார். தந்த நிறம். கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம், அத்தனை வழுவழுப்பு. நான் வைத்துப் பார்த்தேன், சிரிக்காதே.

பிரிண்டருக்குத்தான் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் வேண்டாத மருமகள் கொண்டுவந்த காபியைப் போல முகம் சுளித்துக்கொண்டு உள்ளே இழுக்கிறது. நீ இருபத்திரண்டு வருடமாகப் பிரிண்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன். லேசர் பிரிண்டருக்கு எந்தத் தாள் பொருந்தும், எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அத்தானை உப்பைக் குறைக்கச் சொல். பொறுப்பாளர் அம்மாவுக்கு வணக்கம்!

எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டு! உட்கார்ந்து படி.

லேசர் பிரிண்டர் என்பது ஓர் இஸ்திரிப் பெட்டி. அதற்குள் மையே கிடையாது. டோனர் என்கிற தூள்தான் உண்டு. மின்சார இழுப்பினால் தூள் தாளில் வந்து உட்காரும். பிறகு ஒரு சூட்டு உருளை அதைத் தேய்த்து உருக்கி ஒட்டவைக்கும். ஆகவே தாளுக்கு முதல் தகுதி, சூட்டைத் தாங்க வேண்டும். இரண்டாவது, தூளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எழுபத்தைந்திலிருந்து தொண்ணூறு ஜி.எஸ்.எம். வரை எடை இருந்தால் போதும். மேற்பரப்பு சமமாக இருக்கலாம், பளபளப்பாக இருக்கக் கூடாது. சொரசொரப்பும் ஆகாது, பள்ளத்தில் தூள் ஒட்டாது. ஈரம் பரம எதிரி. கட்டைப் பிரித்ததும் மொத்தமும் தீர்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் உறையைச் சுற்றி மூடி வை. தரையில் வைக்காதே.

எல்லாவற்றையும்விட முக்கியம், இங்க்ஜெட் பிரிண்டருக்கென்று பூச்சுப் பூசிய பளபளத் தாள் வரும். அது மையைக் குடிப்பதற்கான பூச்சு. அதை லேசரில் போடுவது பிளாஸ்டிக் பையை இஸ்திரி போடுவதற்குச் சமம். பூச்சு உருகி உருளையில் ஒட்டும், எழுத்து தாளில் ஒட்டாது. யார் சொன்னாலும் போடாதே. மேலாளர் சொன்னாலும் போடாதே. தலைகீழாக நின்றாலும் போடாதே.

இரண்டு சோதனை போதும். அச்சடித்து ஒரு நிமிடம் ஆறவிட்டு, எழுத்தின்மேல் பெருவிரலால் அழுத்தித் தேய். விரல் கறுத்தால் தாள் சரியில்லை. பிறகு தாளை மடித்து, நகத்தால் கீறி, விரித்துப் பார். மடிப்பில் எழுத்து உதிர்ந்தால் அந்தக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பு.

அது எந்தக் கம்பெனித் தாள் என்று எழுது. ஒரு தாள் அனுப்பினால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன். வேலை வழக்கம்போல.

தம்பி


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். உப்பைக் குறைத்தேன், அத்தான் பேச்சைக் குறைத்துவிட்டார். இரண்டுமே வீட்டுக்கு நல்லதுதான்.

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எங்கள் பிரிண்டரோடு வந்த புத்தகத்தை இதே மாதிரி எழுதியிருந்தால் உலகத்தில் பாதிப் பேர் மெக்கானிக் ஆகியிருப்பார்கள்.

பெருவிரலால் தேய்த்தேன். கறுத்தது. மடித்துப் பார்க்கும் வேலையை எனக்கு முன்பே வேறொருவர் செய்துவிட்டார். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா, கணவரின் இறப்புச் சான்றிதழைப் போன வாரம் வாங்கிப் போனவர். நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறார். உதவித்தொகை அலுவலகத்தில் விரித்தால், மடிப்பில் இருந்த கணவர் பெயர் காணோம். மீதி எல்லாம் இருக்கிறது. தேதி இருக்கிறது, காரணம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது. திரும்பி வந்து என் முன்னால் விரித்துப் போட்டு, "செத்துட்டாருன்னு சொல்றீங்க, யாரு செத்தாருன்னு சொல்ல மாட்டேங்கறீங்களே! நான் தைக்கிற துணியில சாயம் போனா என்னைச் சும்மா விடுவீங்களா?" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். இன்னொன்று அடித்தும் கொடுத்தேன், அதே தாளில். வேறு தாள் அறையில் கிடையாது. பழைய தாளைக் கண்ணியம் வண்டியேற்றி அனுப்பிவிட்டார்.

அவரிடமே போய்ச் சொன்னேன். யோசித்தார். "சான்றிதழை மடிக்கறது கண்ணியம் இல்லைன்னு ஒரு போர்டு வைங்க" என்றார். வைத்தாயிற்று.

இப்போது என் தலைக்கு ஒன்று வந்திருக்கிறது. 'பொருத்தச் சான்று' என்று ஒரு படிவம். 'இத்தாளைச் சோதித்துப் பார்த்தேன், பொருந்தும்' என்று பிரிண்டரை இயக்குபவர்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதாவது நான். போட்டால் எல்லாக் கிளை அலுவலகங்களுக்கும் ஒரு வருடத்துக்கு இந்தத் தாள்தான்.

இந்தக் கடிதத்தையே அந்தத் தாளில் அடித்து, மூன்றாக மடித்து அனுப்புகிறேன். போய்ச் சேரும்போது என்ன மிஞ்சுகிறதோ படித்துக்கொள். பெட்டியில் 'இரட்டை நிலா' என்று போட்டிருக்கிறது. உடனே பதில் எழுது. ஃபைலில் வைக்க வேண்டும்.

அக்கா


மார்ச் 30

தம்பி,

நலமா? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

கடிதம் கிடைத்ததா? மொத்த எழுத்தும் உதிர்ந்து வெற்றுத் தாளாக வந்து சேர்ந்ததா? அப்படியென்றால் அதையாவது எழுது, சாட்சியாக இருக்கும். கண்ணியம் தினமும் பொந்துக்குள் தலையை நீட்டி, "என்னம்மா, போட்டாச்சா?" என்கிறார். "சோதனை நடக்குது சார்" என்கிறேன். அத்தான் வீட்டில், "ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன்" என்கிறார். கல்யாணத்தன்றும் யாரோ என்னிடம் இதையேதான் சொன்னார்கள்.

எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதுதான் தாமதம்.

தாள் விஷயத்தில் அவசரப்படாதே. எந்தத் தாளாக இருந்தாலும் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். பிரிண்டரில் 'கனத்த தாள்' என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை வைத்துப் பார். சூடு கூடும், எழுத்து ஒட்டிவிடும். சான்றிதழோடு ஒரு பிளாஸ்டிக் உறை கொடுத்தால் மடிக்க மாட்டார்கள். மேலாளரைப் பகைத்துக்கொள்ளாதே. ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருக்கிறது உனக்கு. சின்ன விஷயத்தைப் பெரிதாக்காமல் போட்டுக் கொடுத்துவிடு.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அலுவலகம்தான் கொஞ்சம் கருகிவிட்டது.

நீ சொன்னபடி 'கனத்த தாள்' அமைப்பை வைத்தேன். முதல் தாள் வந்தது. இரண்டாவது வரவில்லை. மூன்றாவது போன இடம் தெரியவில்லை. பிறகு பிரிண்டர் மூக்கு வழியாகப் புகை விட்டது. பிளாஸ்டிக் வாளியை அடுப்பில் வைத்த நாற்றம். யாரோ "தீ" என்று கத்த, அலுவலகமே வாசலுக்கு ஓடியது. முதல் ஆளாக ஓடியவர் கண்ணியம். நாற்காலித் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் சான்றிதழுக்காகக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஓடிவிட்டார். பெண் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவர் ஓடின திசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் வந்து பிரித்தார். உள்ளே போன இரண்டு தாளும் சூட்டு உருளையைச் சுற்றிப் பிசின்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. "இது இங்க்ஜெட் தாள்மா. பிளாஸ்டிக் பூச்சு. யாரு உங்களைப் போடச் சொன்னது?" என்றார். பிப்ரவரியில் எனக்கு ஒருவர் எழுதியிருந்தார், அவர் சொன்னதும் இதுதான். ஏப்ரலில் இன்னொருவர் எழுதினார். இருவருக்கும் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே கண்ணியத்திடம் போனேன்.

"மெக்கானிக்குக்கு என்னம்மா தெரியும்? கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு, பாருங்க" என்று ஃபைலைத் திறந்து ஓர் உறுதிக் கடிதத்தைக் காட்டினார். 'இரட்டை நிலா தாள் லேசர் அச்சுக்கு மிகவும் உகந்தது.' கீழே விற்பனைப் பிரதிநிதியின் கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் சுழித்துக்கொண்டு மேலே போய், பிறகு மனம் மாறிக் கீழே வருகிறது.

எனக்குத் தெரிந்த வால். நான் எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினொன்று வாங்கியபோது, என் மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட நன்றாகப் போட்டுக் கொடுத்தானே ஒரு பயல், அவன் போடும் வால்.

வேறொன்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உங்கள் தம்பியும் பல விஷயங்களை எனக்குத் தெரியாமல் செய்தவர் என்பதால் எனக்குக் குற்ற உணர்வு இல்லை.

போன ஆகஸ்டில் அவர் கம்பெனியில் ரிப்பேர் பிரிவையே மூடிவிட்டார்கள். இப்போதெல்லாம் பிரிண்டர் கெட்டால் யாரும் பழுது பார்ப்பதில்லையாம், புதிதாக வாங்கிவிடுகிறார்களாம். என்னிடம் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, பொது நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் களைத்துப்போய் வந்தார். நூலகத்துக்குப் புத்தகம் மாற்றப் போன நான்தான் கையும் களவுமாகப் பிடித்தேன். "என்னங்க, இங்க பிரிண்டர் ரிப்பேரா?" என்று கேட்டேன். அன்றைக்கு அழுதார். அதற்குப் பிறகுதான் இந்தத் தாள் கம்பெனி. ஊர் ஊராக அலைச்சல். உங்கள் அலுவலக ஒப்பந்தம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

தலைமை அலுவலகத்தில்தான் அவர் தாளைக் கொடுத்தார். அது உங்கள் அறைக்கு வரும் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்தபோது இரண்டு மடிப்பிலும் எழுத்தே இல்லை. லென்ஸ் வைத்துக்கொண்டு, உதிர்ந்த இடங்களில் பென்சிலால் ஒவ்வொரு சொல்லாக எழுதி நிரப்பினார். ஓரிடத்தில் மட்டும் நிரப்பாமல் விட்டுவிட்டார். அந்தத் தையல்கார அம்மா உங்களிடம் சொன்னது அங்கே இருந்திருக்க வேண்டும். என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணி, நான் யாரிடமும் இதுவரை எதுவும் கேட்டதில்லை. ஒரு கையெழுத்துதான். போட்டுவிடுங்களேன்.

உங்கள் தம்பி மனைவி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவி எனக்கு எழுதினாள். அவளிடம் சண்டைக்குப் போகாதே. போனால் அவள்தான் ஜெயிப்பாள், கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

வேலை போனதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொல்லியிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன் என்று நீ பயந்திருப்பாய். நியாயமான பயம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். ரத்தம் வேண்டுமா, தருகிறேன். அத்தானுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் வளையல் வேண்டுமா, தருகிறேன். ஒரு வருடம் மூன்று பேரும் என் வீட்டில் வந்து இருங்கள், அத்தானுக்கான உப்பில்லாச் சமையலைத் தின்னுங்கள். கையெழுத்தை மட்டும் கேட்காதே. போட மாட்டேன்.

கண்ணியத்திடமும் இதையே சொல்லியாயிற்று. "போடற வரைக்கும் நீங்க விசாரணை மேசையில உட்காருங்க" என்றார். விசாரணை மேசை நடைபாதையில், கழிப்பறைக்கு எதிரே இருக்கிறது. என்னிடம் வரும் விசாரணைகளில் முக்கால்வாசி அதைப் பற்றியதுதான்.

ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். சான்றிதழ் வாங்குகிற ஒவ்வொருவரும் என்னைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "வாங்கியாச்சா? பெயர்மேல பெருவிரலை வச்சு ஒரு தேய் தேய்ச்சுப் பாருங்க" என்கிறேன். அவ்வளவுதான், வேறு ஒரு சொல் இல்லை. தேய்க்கிறார்கள், விரல் கறுக்கிறது. "இப்ப என்ன செய்யறதும்மா?" என்று கேட்கிறார்கள். "மேலாளர் அறை அதோ, கதவைத் தட்டுங்க. தட்டும்போது அந்த விரலை வச்சு எதையும் தொட்டுடாதீங்க, அறை ரொம்பக் கண்ணியமா இருக்கும்" என்கிறேன்.

திங்கட்கிழமை பதினெட்டுப் பேர். செவ்வாய் முப்பத்தொன்று. வரிசையில் எல்லோரும் பெருவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த தபால்காரர், உள்ளே தேர்தல் நடக்கிறதா என்று கேட்டார். புதன்கிழமை கண்ணியம் வெளியே வந்து, "என்னம்மா நடக்குது இங்க?" என்று கத்தினார். "விசாரணை நடக்குது சார்" என்றேன்.

தையல்கார அம்மா மூன்றாம் முறையாக வந்து போனார். உதவித்தொகை இன்னும் வரவில்லை. பெயர் இல்லாத கணவருக்காக அங்கே யாரும் எதுவும் தர மாட்டார்களாம். இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குட்டிப் பெண்ணுக்கு என் முத்தம்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

ஆமாம், வால் என்னுடையதுதான். இன்னும் என்ன தெரிய வேண்டும்? முதலாளி இங்க்ஜெட் தாளை மலிவாக வாங்கிக் கிடங்கு முழுக்க அடுக்கி வைத்திருந்தார். விற்கவில்லை. பழைய உறையைக் கிழித்துவிட்டு 'இரட்டை நிலா' என்று புது உறை போட்டோம். போட்டவர்களில் நானும் ஒருவன். "லேசருக்கு உகந்ததுன்னு எழுதுப்பா, உன் எழுத்துதான் அழகா இருக்கும்" என்றார். எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். இருபத்திரண்டு வருடம் பிரிண்டர்களைத் திறந்து பார்த்தவனுக்கு அந்தத் தாள் உள்ளே போனால் என்ன ஆகும் என்று தெரியாதா?

நீ பெரிய வீராங்கனை. கழிப்பறைக்கு எதிரே உட்கார்ந்து புரட்சி செய்கிறாய். ஆனால் முதல் தேதி வந்தால் உனக்குச் சம்பளம் வரும். மூன்று வருடம் கழித்து ஓய்வூதியம் வரும். உனக்கு நேர்மை சுலபம் அக்கா. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் எங்கே போனாலும், "பிரிண்டர் ரிப்பேரா? அதெல்லாம் இப்ப யாருங்க பண்றா?" என்கிறார்கள். நூலகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேனே, ஒரு புத்தகம்கூடப் படிக்கவில்லை, தெரியுமா? ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், தெரிந்தவர் யாராவது வந்துவிடுவார்களோ என்று.

சின்ன வயதில் நீ கேட்டபோது நான் கையெழுத்துப் போட்டேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டேனா?

இனிமேல் எழுதாதே.


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். நான் யார் பேச்சையும் கேட்பதில்லை என்பதுதான் இப்போது அலுவலகம் முழுக்கப் பேச்சு.

நீ திட்டியதில் பாதி சரி. எனக்கு இது சுலபம்தான். சுலபமாக இருக்கும்போதே நான் செய்யாவிட்டால், கஷ்டமாக இருக்கிறவன் செய்வான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

மதிப்பெண் அட்டையும் உண்மைதான். ஆனால் அதில் தோற்றது நான். மார்க்கும் என்னுடையது, முதுகும் என்னுடையது. இதில் உதிர்வது என் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை.

இருபத்திரண்டாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். நான் படிவத்தை எழுதிக் கொடுக்கப் போகிறேன், 'பொருந்தாது' என்று. ஃபைலில் உன் உறுதிக் கடிதம் ஒரு பக்கம், என் ஒற்றைச் சொல் ஒரு பக்கம். அதிகாரி உன்னைத்தான் நம்புவார். உனக்குக் கம்பெனி முத்திரை இருக்கிறது, எனக்குக் கறுத்த விரல்தான் இருக்கிறது. அநேகமாகத் தோற்பேன். தோற்றாலும் எழுதுவேன்.

இதை உன் முதலாளி சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன். பதில் வேண்டாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அக்கா


ஜூன் 17

பெறுநர்: அச்சு அறைப் பொறுப்பாளர் அவர்கள் (தற்சமயம் விசாரணை மேசை), பதிவு அலுவலகம்.

நகல்: மேலாளர், தலைமை அலுவலகப் பொருள் கொள்முதல் அதிகாரி.

பொருள்: 'இரட்டை நிலா' தாள் குறித்து நான் அளித்த உறுதியைத் திரும்பப் பெறுதல்.

அம்மையீர்,

மேற்படி தாள் லேசர் அச்சுக்கு உகந்தது என்று கடந்த ஜனவரியில் நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

அது இங்க்ஜெட் அச்சுக்கான பூச்சுத் தாள். அதில் டோனர் தூள் பிடிக்காது. சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டும். மடித்தால் எழுத்து உதிரும். மடிக்காமல் உறையில் வைத்தாலும் நாளடைவில் எழுத்து உறையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஆகவே இதுவரை இத்தாளில் வழங்கிய சான்றிதழ்கள் அனைத்தையும் சாதாரண எண்பது ஜி.எஸ்.எம். வெள்ளைத் தாளில் திரும்ப அச்சிட்டுத் தர வேண்டுகிறேன். ஆஸ்பத்திரிச் சீட்டு மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயர் நிற்கிறது.

இக்கடிதத்தை என் முதலாளியிடம் படித்துக் காட்டிவிட்டே அனுப்புகிறேன். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது, தாள் தாங்காது.

தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் உடல்நலம் எப்படி என்று அலுவல் கடிதத்தில் கேட்கும் வழக்கம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விற்பனைப் பிரதிநிதி


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம், இங்கே எல்லோரும் அநியாயத்துக்கு நலம். அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய், வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினார். கேட்டால் வெயிலாம்.

இருபத்திரண்டாம் தேதி அதிகாரி வந்தார். அம்மையார். கட்டையான உருவம், கனத்த கண்ணாடி, சிரிப்பு என்பதே கிடையாது. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணியம் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மேடம், இதுல ஒரு சதி இருக்கு. இதை எழுதினவர் இந்த அம்மாவோட தம்பி. சொந்தத் தம்பி!" என்றார். எப்படியோ துப்பறிந்திருக்கிறார். தாளைப் பற்றி இவ்வளவு துப்பறிந்திருக்கலாம்.

அம்மையார் என்னைப் பார்த்தார். "உண்மையா?"

"உண்மைதான் மேடம்."

"அப்ப இந்தக் கடிதத்தை நான் எப்படி எடுத்துக்கறது?"

"அந்த உறுதிக் கடிதம் எழுதினதும் இதே தம்பிதான் மேடம். அது செல்லும்னா இதுவும் செல்லும். இது செல்லாதுன்னா அதுவும் செல்லாது. எதை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, எனக்குப் பரவாயில்லை."

அவர் ஒரு சான்றிதழை எடுத்து மேசையில் வைத்து, பெருவிரலால் நிதானமாகத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையைத் தேடினார். கண்ணியம் ஓடிப்போய்த் தன்னுடையதை நீட்டினார். வெள்ளைக் கைக்குட்டை. அம்மையார் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இரட்டை நிலா போய்விட்டது. பழைய வெள்ளைத் தாள் திரும்பி வந்தாயிற்று. இதுவரை கொடுத்த அறுநூற்றுச் சொச்சம் சான்றிதழ்களையும் திரும்ப அடித்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி வரவழைத்துக் கொடுக்க வேண்டும். தண்டனை என்று நினைத்துக் கண்ணியம் அந்த வேலை முழுவதையும் என் தலையில் கட்டியிருக்கிறார். முதல் சான்றிதழைத் தையல் கடைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அங்கேயே நாலாக மடித்தார், நகத்தால் கீறினார், விரித்தார், தேய்த்தார். பெயர் அப்படியே இருந்தது. "இதை முதல்லயே கொடுத்திருக்கலாம்ல?" என்றார். பாராட்டெல்லாம் இல்லை.

உனக்கு வேலை போனதற்கு நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மனைவியையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து சேர். எங்கள் பிரிண்டரின் உருளையில் இரட்டை நிலாவின் பிசின் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் மாற்ற வேண்டும் என்கிறார். நீ சுரண்டலாம் என்பாய். இருவரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக்கும் உதவிக்கு ஆள் போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பதென்றால் நீயே கேட்டுக்கொள்.

அந்தப் படிவம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அம்மையார் என் பக்கம் தள்ளி, "எழுதுங்க" என்றார். கண்ணியம் என் காதருகே குனிந்து, "கொஞ்சம் சின்னதா எழுதுங்கம்மா, ஃபைல்ல நிரந்தரமா இருக்கும்" என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது. சின்னதாக எழுதவே நினைத்தேன். ஆனால் கை கேட்கவில்லை. 'பொருந்தாது' கட்டத்தைத் தாண்டிற்று, ஓரக் கோட்டைத் தாண்டிற்று, மேலாளர் கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டுதான் நின்றது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு இடம் தேடினார். இடமே இல்லை. கடைசியில் என் எழுத்தின்மேலேயே போட்டார்.

அக்கா